ஐம்பது கிரெடிட் இருக்கிறது. மூன்றே வருடத்தில் முடியுமா?

கேள்வி:

டெக்சஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். இந்த மாநிலத்திலேயே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஏ.பி. தேர்வுகள் (பள்ளியிலேயே கல்லூரி அளவுப் பாடம் படித்து எழுதுபவை, ஸ்கோர் 5 வரை) எழுதி வருகிறாள். மனிதப் புவியியல் 4, உலக வரலாறு 4, கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரின்சிபிள்ஸ் 5, அமெரிக்க வரலாறு 4, ஆங்கில மொழி 4, ஃபிசிக்ஸ் 1-இல் 4, முதல் கால்குலஸ் தேர்வில் 4. இந்த மே மாதம் கால்குலஸ் பி.சி., ஃபிசிக்ஸ் சி மெக்கானிக்ஸ், கெமிஸ்ட்ரி, அமெரிக்க அரசாங்கம், ஆங்கில இலக்கியம் என்று ஐந்து பாக்கி. "கிட்டத்தட்ட ஐம்பது கிரெடிட் ஆகிவிட்டதே, மூன்று வருடத்தில் முடித்துவிடலாம், ஒரு வருடப் பணம் மிச்சம்" என்கிறார்கள் நண்பர்கள். கால்குலஸ் இரண்டையும் தாண்டி நேரே மூன்றாவதற்குப் போகட்டும் என்கிறார் என் கணவர். அவளோ களைத்துப்போய், "ஒரு தேர்வையாவது விட்டுவிடட்டுமா?" என்கிறாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு டாக்டராக ஆசை. அவன் பள்ளியில் ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டமும் உண்டு. எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?

– ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்:

உங்கள் நண்பர்கள் கூட்டிய கணக்கு சரிதான். மே மாதத் தேர்வுகள் ஐந்தும் நன்றாக அமைந்தால், பல பல்கலைக்கழகங்களில் மொத்தம் 51 கிரெடிட் மணி (டிகிரிக்குப் பாடங்களை எண்ணும் அளவு) வரை வரும். ஆனால் மெக்கானிக்கல் டிகிரிக்குள் உருப்படியாகப் பயன்படுவது அதில் 31 மணிதான். மீதி 20 மணி டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரியின் மதிப்பெண் பதிவில், அழகாக உட்கார்ந்திருக்கும். டிகிரியை ஒரு நாள்கூட முன்னே நகர்த்தாது.

இதில் மூன்று கைகள் இருக்கின்றன. ஸ்கோர் தருவது ஏ.பி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு. அந்த ஸ்கோருக்கு எந்தப் பாடம், எத்தனை மணி என்று முடிவு செய்வது பல்கலைக்கழகம். அந்தப் பாடம் இந்த டிகிரிக்குச் செல்லுமா என்று சொல்வது துறை. பெற்றோர் பெரும்பாலும் இரண்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஏ.பி. பட்டியலைப் பார்த்து, "4 இருந்தால் போதுமாம்" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது துறையின் டிகிரி பிளான், அதாவது பட்டத்துக்கு முடிக்க வேண்டிய பாடங்களின் பட்டியல். இரண்டையும் அச்சிட்டு மேசையில் வைத்து, ஒரு பட்டியலில் இருக்கும் பாட எண் மறுபட்டியலில் இருக்கிறதா என்று பேனாவால் கோடு போட்டு இணையுங்கள். கோடு விழாத தேர்வு எதற்கும் உதவாது.

டெக்சஸில் உங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அரசுக் கல்லூரிகள் ஏ.பி.யில் 3 எடுத்தவருக்குக் கிரெடிட் தர வேண்டும். கூடுதல் ஸ்கோர் வேண்டும் என்றால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று 2015-இல் சட்டமே வந்தது. இலினாய், ஒஹாயோ மாநிலங்களிலும் 3-க்குக் கிரெடிட் உண்டு. தனியார் கல்லூரிகளில் இந்தக் கதை செல்லாது. டார்ட்மத் 2014-இல் சேர்ந்தவர்களிலிருந்து ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. கால்டெக்கில் ஏ.பி. கிரெடிட்டே கிடையாது, அவர்களே வைக்கும் தேர்வுதான். எம்.ஐ.டி.யில் கால்குலஸ் பி.சி.யில் 5 இருந்தால் முதல் கால்குலஸ் கழியும், 4 இருந்தால் ஒன்றும் இல்லை. உறவினர் பிள்ளை வேறு மாநிலத்தில் என்ன செய்தான் என்பதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி உங்கள் மகளின் பட்டியல். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் எந்த டிகிரி படித்தாலும் 42 மணி பொதுப் பாடத்தொகுதி உண்டு. ஏ.பி. நன்றாக வேலை செய்யும் இடம் இதுதான். அமெரிக்க வரலாற்றில் 4 என்றால் பல இடங்களில் இரண்டு பாடமும், அதாவது 6 மணியும், ஒரே தேர்வில் முடிந்துவிடும். அவள் எழுதியதிலேயே லாபமான தேர்வு இதுதான். ஆங்கில மொழி, முதல் ஆங்கிலப் பாடமான இங்கிலிஷ் 1301-க்கு 3 மணி. மனிதப் புவியியல் சமூக அறிவியலில் 3 மணி. உலக வரலாறு கொஞ்சம் வழுக்கும். சட்டம் கேட்பது அமெரிக்க வரலாறு என்பதால் அந்த இடத்தில் இது போகாது. சில பல்கலைக்கழகங்களில் மொழி, தத்துவம், பண்பாடு என்ற பிரிவில் 3 மணிக்கு இடம் கிடைக்கும். கிடைக்காத இடத்தில் வெறும் விருப்பப்பாடம். பொறியியலில் விருப்பப்பாடத்துக்கு இடமே கிடையாது என்பதுதான் சிக்கல்.

அமெரிக்க அரசாங்கம் பற்றிய தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. மாநிலச் சட்டப்படி 6 மணி அரசாங்கப் பாடம் வேண்டும். அதில் அமெரிக்க அரசியலமைப்பும் டெக்சஸ் அரசியலமைப்பும் வர வேண்டும். ஏ.பி. தேர்வில் டெக்சஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே பாதிதான் கழியும். பல இடங்களில் மத்திய அரசாங்கத்துக்கான 2305 என்ற எண்ணுள்ள பாடம் முடியும், டெக்சஸ் அரசாங்கத்துக்கான 2306 நிற்கும். யூ.டி. ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் ஏ.பி. ஸ்கோரோடு, பல்கலைக்கழகமே நடத்தும் டெக்சஸ் அரசாங்கத் தேர்வையும் எழுதித் தேறினால்தான் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட். "அரசாங்கம் முடிந்தது" என்று நினைத்திருந்துவிட்டு, நான்காம் ஆண்டில் பட்டம் வாங்க இந்த மூன்று மணிக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு.

அறிவியல் பக்கம் வந்தால் ஃபிசிக்ஸ் 1-ஐ மறந்துவிடுங்கள். அது அல்ஜிப்ரா வழி இயற்பியல். பொறியியலுக்கு வேண்டியது கால்குலஸ் வழி இயற்பியல். அதற்கு ஃபிசிக்ஸ் சி ஒன்றே வழி. பள்ளிகளில் பிள்ளைகளை ஃபிசிக்ஸ் 1, 2 என்று வரிசையாக ஏற்றிவிடுகிறார்கள். இரண்டிலும் 5 வாங்கிய பிள்ளையும் பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டர் இயற்பியலில்தான் உட்காரும். உங்கள் மகள் மெக்கானிக்ஸ் எழுதுவதால் முதல் இயற்பியல் கழிய வாய்ப்பு உண்டு. ஆனால் வகுப்புக்கு மட்டும் கிரெடிட்டா, ஆய்வகத்துக்கும் சேர்த்தா என்று பாருங்கள். சில இடங்களில் 3 மணி வகுப்பைத் தள்ளிவிட்டு, 1 மணி லேபைத் தனியே எடுக்கச் சொல்வார்கள். கெமிஸ்ட்ரி, இயற்பியல் லேப் நோட்டுகளைப் பள்ளி முடிந்ததும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். கேட்கும் துறைகள் உண்டு. கெமிஸ்ட்ரியில் நல்ல ஸ்கோர் வந்தால் இரண்டு செமஸ்டருக்கு 8 மணி வரை கிடைக்கும். மெக்கானிக்கலுக்குப் பெரும்பாலும் ஒரு செமஸ்டரே தேவை, ஆகவே 4 மணிதான் கணக்கு. கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரின்சிபிள்ஸில் வாங்கிய 5 பொறியியலில் பெரும்பாலும் பொருந்தாது. புரோகிராமிங் பாடம் கழிய வேண்டுமானால் கம்ப்யூட்டர் சயன்ஸ் ஏ எழுதியிருக்க வேண்டும். அதிலும் அது ஜாவா, துறை வேறு மொழி கேட்டால் அங்கும் இழுபறி.

எந்தத் தேர்வை விடலாம் என்ற அவள் கேள்விக்கு இங்கேயே விடை வந்துவிட்டது. களைப்பு உண்மையாக இருந்தால் ஆங்கில இலக்கியத்தை விடட்டும். அதற்கும் உலக வரலாற்றுக்கும் பெரும்பாலும் ஒரே நாற்காலிக்குத்தான் போட்டி. ஆனால் முதலில் டிகிரி பிளானைப் பாருங்கள். உங்கள் பல்கலைக்கழகம் இலக்கியத்தை இரண்டாம் ஆங்கிலப் பாடமாக ஏற்குமானால், துறையும் அதற்குப் பதிலாகத் தொழில்நுட்ப எழுத்து கேட்காமல் இருந்தால், எழுதட்டும். பதிவு செய்துவிட்டு எழுதாமல் விட்டால் 40 டாலர் போகும்; கட்டியதில் மீதி திரும்புமா என்பதைப் பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். மற்ற நான்கையும் விடக் கூடாது. பி.சி.யும் மெக்கானிக்ஸும் இந்த ஆண்டின் உயிர்நாடி. படிக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் இந்த இரண்டுக்கும் போகட்டும். அரசாங்கத் தேர்வு சரியில்லாமல் போனாலும் பயமில்லை. காலேஜ் போர்டே நடத்தும் கிளெப் தேர்வு இருக்கிறது. ஆண்டு முழுவதும் எழுதலாம், 20-இலிருந்து 80 வரை மதிப்பெண், பல கல்லூரிகள் 50-ஐ ஏற்கும்.

இப்போது மூன்று வருடக் கதைக்கு வருகிறேன். டிகிரி 126 மணி என்று வைத்துக்கொள்வோம். 31 போனால் 95. செமஸ்டருக்கு 16 மணி எடுத்தால் ஆறு செமஸ்டர். காகிதத்தில் மூன்று வருடம் வந்துவிட்டது! ஆனால் மெக்கானிக்கல் பாடங்கள் சங்கிலி. இயற்பியல் முடிந்தால்தான் ஸ்டேட்டிக்ஸ். அது முடிந்தால்தான் டைனமிக்ஸும் பொருட்களின் வலிமையும். அதற்குப் பிறகு ஃப்ளூயிட்ஸ், வெப்பக் கடத்தல், இயந்திர வடிவமைப்பு. கடைசியில் இரண்டு செமஸ்டர் பிராஜெக்ட். இந்தக் கண்ணிகளில் சில, ஆண்டுக்கு ஒரு தடவை மட்டுமே நடக்கும். ஓரிடத்தில் இடம் கிடைக்காமல் போனால், அல்லது ஒரு பாடத்தில் சி கிரேடுக்குக் கீழே போனால், முழு ஆண்டு தள்ளும். டெக்சஸ் ஏ அண்ட் எம் போன்ற இடங்களில் முதலாண்டு பொதுப் பொறியியலாகச் சேர்ந்து, பிறகுதான் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே சங்கிலியின் தொடக்கமே தாமதமாகலாம்.

ஏ.பி. கழிப்பது பெரும்பாலும் சங்கிலிக்கு வெளியே இருக்கும் வரலாறு, ஆங்கிலம், புவியியலைத்தான். சங்கிலிக்குள்ளே கைவைக்கும் தேர்வுகள் கால்குலஸும் ஃபிசிக்ஸ் சி-யும் மட்டுமே. அவையும் ஒரு செமஸ்டர், அதிகம் போனால் இரண்டு, முன்னே தள்ளும். ஏழு செமஸ்டரில் முடிப்பது நடக்கக்கூடியது. ஆறு செமஸ்டர் முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். எல்லாக் கண்ணியும் முதல் முயற்சியிலேயே விழ வேண்டும், கோடை விடுமுறைகளும் வகுப்பில் போகும். கோடை போனால் இன்டர்ன்ஷிப் போகும். பொறியியல் மாணவிக்கு வேலை வாங்கித் தருவது அந்தக் கோடைகள்தான். ஒரு வருடக் கட்டணத்தை மிச்சம் பிடித்து இரண்டு இன்டர்ன்ஷிப்பை இழப்பது நல்ல வியாபாரமாக எனக்குத் தோன்றவில்லை. அந்த 31 மணி கொடுக்கும் இடைவெளியில் ஒரு செமஸ்டர் முழுநேரமாகக் கம்பெனியில் வேலை செய்யும் கோ-ஆப் எடுக்கலாம். துறை அனுமதித்தால் கடைசி ஆண்டிலேயே மாஸ்டர்ஸ் பாடங்களைத் தொடங்கலாம்.

பணக் கணக்கில் இன்னொரு கோணம். பல பல்கலைக்கழகங்களில் 12 மணிக்கு மேல் எத்தனை எடுத்தாலும் ஒரே கட்டணம். செமஸ்டருக்கு 16 எடுக்க வேண்டியவள் ஏ.பி. தயவில் 13 எடுத்தால் பாரம் குறையும், பில் குறையாது. முழுதாக ஒரு செமஸ்டர் குறைந்தால்தான் பணம் மிச்சம். உதவித்தொகை இருந்தால் விதிகளை ஒரு தடவை வரிவரியாகப் படியுங்கள். ஆண்டுக்கு 24 அல்லது 30 மணி முடிக்க வேண்டும் என்று இருக்கும், ஏ.பி. மணிகள் அந்த ஆண்டின் கணக்கில் பெரும்பாலும் சேராது.

கால்குலஸைத் தாண்டுவது பற்றி. ஒரு சின்ன எச்சரிக்கை: ஆங்கிலத்தில் தேர்வுத் திட்டத்தின் பெயர் AP, சிறிய கால்குலஸின் பெயர் AB, ஆனால் தமிழில் எழுதினால் இரண்டும் ஏ.பி. என்று ஆகிவிடும். அதனால் நானும் உங்களைப் போலவே முதல் கால்குலஸ், பி.சி. என்று சொல்கிறேன். முதல் கால்குலஸில் வாங்கிய 4 பல இடங்களில் கால்குலஸ் ஒன்றைக் கழித்துவிடும். பி.சி.யில் நல்ல ஸ்கோர் வந்தால் கால்குலஸ் இரண்டும் போகும். பி.சி. ஸ்கோரோடு முதல் பகுதிக்கென ஒரு துணை ஸ்கோரும் வரும். மொத்த ஸ்கோர் 3-இல் நின்றாலும் அந்தத் துணை ஸ்கோரை ஏற்கும் கல்லூரிகள் உண்டு.

கிரெடிட் கிடைப்பது வேறு, கால்குலஸ் மூன்றில் தாக்குப்பிடிப்பது வேறு. பி.சி. பாடத்திட்டத்தில் இல்லாமல், கல்லூரியின் கால்குலஸ் இரண்டில் இருக்கும் விஷயங்கள் சில: திரிகோணமிதிப் பிரதியீட்டால் தொகையிடுவது, உருளை ஓடு முறையில் கன அளவு காண்பது, நீரை இறைக்க எவ்வளவு வேலை ஆகும், அணைச்சுவரில் நீர் எவ்வளவு விசை தரும் என்ற வகைக் கணக்குகள். மெக்கானிக்கல் மாணவிக்கு இந்தக் கடைசி இரண்டும் அன்றாடச் சாப்பாடு. மேலும் ஏ.பி. தேர்வில் ஒரு பகுதிக்குக் கால்குலேட்டர் உண்டு. பல கணிதத் துறைகளில் தேர்வு அறைக்குள்ளேயே கால்குலேட்டர் வராது.

ஜூன் மாதம் இதைச் செய்து பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் தளத்தில் கால்குலஸ் இரண்டின் பழைய இறுதித் தேர்வுத்தாள் கிடைத்தால் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை, கால்குலேட்டர் இல்லாமல், கடிகாரம் வைத்து ஒரு தாள். விடை பார்த்துத் தவறுகளைச் சரிசெய்து, ஒரு வாரம் கழித்து இரண்டாவது தாள். இரண்டாவதில் 80-க்கு மேல் வந்தால் கால்குலஸ் மூன்றுக்குத் தயங்காமல் போகட்டும். மேலே சொன்ன விட்டுப்போன பகுதிகளுக்கு மூன்று வாரம் ஒதுக்கினால் போதும். 60-க்கும் 80-க்கும் இடையில் என்றால், எந்தக் கேள்வியில் மார்க் போனது என்று பாருங்கள். விட்டுப்போன பகுதியில் போயிருந்தால் கவலையில்லை. தொடர்களில், அதாவது எந்தத் தொடர் ஒருங்கும், எது ஒருங்காது என்பதில், போயிருந்தால் அடித்தளமே ஆட்டம். 60-க்குக் கீழே என்றால் கிரெடிட்டைக் கோராமல் கால்குலஸ் இரண்டைக் கல்லூரியிலேயே படிக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதல் செமஸ்டரில் ஏற்கெனவே பாதி தெரிந்த பாடம் ஒன்று இருப்பது ஜி.பி.ஏ.வுக்கு, அதாவது கிரேடுகளின் சராசரிக்கு, பெரிய தூண். எளிய பாடங்களையெல்லாம் ஏ.பி.யால் கழித்துவிட்டால், முதல் செமஸ்டரில் எஞ்சுவது கடினமான நான்கு மட்டுமே. முதலாண்டு ஜி.பி.ஏ.வை வைத்துத் துறை ஒதுக்கும் கல்லூரியில் இது விளையாட்டல்ல.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: கிரெடிட்டை ஏற்றுக்கொண்டுவிட்டு, பிறகு பயந்து அதே பாடத்தைப் படித்தால், பல இடங்களில் இரண்டில் ஒன்றுதான் டிகிரிக்குக் கணக்கு. முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம், சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொரு ஆண்டும் ஒரு கல்லூரிக்கு ஸ்கோர்களை இலவசமாக அனுப்பலாம். ஜூன் 20-க்குள் காலேஜ் போர்டு கணக்கில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதிய எல்லா ஸ்கோரும் ஒரே அறிக்கையில் போய்விடும், பழையதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. தேதி தவறினால் ஓர் அறிக்கைக்கு 15 டாலர். ஊர்ப்பெயர் மட்டும் மாறும் வளாகங்கள் டெக்சஸில் நிறைய. ஆஸ்டினுக்குப் பதில் ஆர்லிங்டனைச் சொடுக்கினால் ஜூலை முழுக்கத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கல்லூரிக் குறியீட்டெண்ணைச் சரிபாருங்கள். ஏதாவது ஒன்றில் 2 வந்தால் மறைக்க வேண்டாம். இடம் கிடைத்த பிறகு 2-ஆல் கெடுதல் இல்லை, கிரெடிட் வராது, அவ்வளவுதான்.

நம் வீடுகளுக்கே உரிய தொல்லை பெயர். பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் ஒரே கட்டத்தில், கடைசிப் பெயர் காலி. பள்ளிப் பதிவில் அப்பா பெயர் கடைசிப் பெயர். கல்லூரி விண்ணப்பத்தில் இனிஷியல் விரிந்து நடுப்பெயர். ஒன்பதாம் வகுப்பில் அவசரத்தில் திறந்த காலேஜ் போர்டு கணக்கு வேறு ஒரு மின்னஞ்சலில். பல்கலைக்கழகக் கணினி பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துப் பொருத்தும். பொருந்தாத அறிக்கை யார் கணக்கிலும் ஏறாமல் அநாதையாகக் கிடக்கும். தேர்வுக்கு முன்பே மகளை அவள் கணக்கில் நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏழு ஸ்கோரும் ஒரே கணக்கில் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் இரண்டு கணக்கு இருக்கிறது என்று அர்த்தம், ஏ.பி. சேவை மையத்தை அழைத்து இணைக்கச் சொல்ல வேண்டும். பெயர் எழுத்துக்கு எழுத்து விண்ணப்பத்தோடு ஒத்துப்போகட்டும்.

அடுத்தது தேதி மோதல். புதுமுக மாணவர் ஓரியன்டேஷன் பல இடங்களில் ஜூனிலேயே தொடங்கிவிடும், பாடப் பதிவும் அங்கேதான். மே மாத ஸ்கோர்கள் வருவதோ ஜூலை முதல் பாதியில். ஆகவே கையில் இருக்கும் ஏழு ஸ்கோர்களை இப்போதே அனுப்பிவிட்டால், ஓரியன்டேஷன் நாளில் அட்வைசர் திரையில் அவை தெரியும். அதற்கு ஆகும் 15 டாலர் கைமேல் பலன். ஜூலை இறுதி ஓரியன்டேஷனுக்கு இடம் இருந்தால் அதையே எடுங்கள். ஜூனில்தான் போக வேண்டும் என்றால், கால்குலஸ் இரண்டுக்குப் பதிவு செய்துவிட்டு, ஸ்கோர் வந்தால் மூன்றுக்கு மாற எந்த அட்வைசருக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். டெக்சஸில் செமஸ்டர் வகுப்புகள் நடக்கும் நாட்களில் பன்னிரண்டாவது நாளுக்குள் ஒரு பாடத்தை விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் தடயமே இருக்காது. அதற்குப் பின் விடுவது, டிகிரி முழுமைக்கும் ஆறு தடவை என்ற உச்சவரம்பில் சேரும்.

ஸ்கோர் போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். யூ.டி. ஆஸ்டினில் மாணவரே உள்ளே போய்க் கிரெடிட்டைக் கோர வேண்டும். கோராதவரை டிரான்ஸ்கிரிப்டில் ஏறாது. ஏ அண்ட் எம்மிலும் மாணவர் ஏற்றால்தான் பதிவாகும். வேறு சில இடங்களில் கேட்காமலே எல்லாம் ஏறிவிடும். உங்கள் பல்கலைக்கழகம் எந்த வகை என்பது ஓரியன்டேஷனில் முதல் கேள்வியாக இருக்கட்டும். கோரும் வகை என்றால் முதல் செமஸ்டரில் டிகிரி பிளானில் கோடு விழுந்ததை மட்டும் கோரட்டும். மீதியைப் பிறகு பார்க்கலாம். எல்லாவற்றையும் கோரினால் கூடுதல் மணிக்கு அபராதக் கட்டணம் வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். டிகிரிக்கு மேல் 30 மணி போனால் வெளிமாநிலக் கட்டணம் கேட்கலாம் என்பது உண்மை, ஆனால் தேர்வு மூலம் வந்த மணிகள் அதில் சேராது. மணி அதிகம் இருந்தால் பாடப் பதிவில் முன்வரிசை கிடைக்கும் என்ற லாபமும் உண்டு. பின்னால் வேறு துறைக்கு மாற நினைத்தால் மட்டும், மணி அதிகம் உள்ளவர்களைத் தயங்கி ஏற்கும் துறைகள் இருக்கின்றன.

விட்டுப்போன டெக்சஸ் அரசாங்கப் பாடத்தை வீட்டுப் பக்கத்துக் கம்யூனிட்டி கல்லூரியில் கோடையில் முடிக்கலாம். 2306 என்ற எண்ணையே பாருங்கள். மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாட எண் முறை இருப்பதால் கிரெடிட் மாற்றுவது எளிது. ஏ.பி.க்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏ.பி.யில் 3 வாங்கினாலும் ஜி.பி.ஏ.வைத் தொடாது. கம்யூனிட்டி கல்லூரியில் வாங்கிய சி, மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் வரை கூடவே வரும்.

அதனால்தான் மகன் விஷயத்தில் வேறு மாதிரி சொல்கிறேன். பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் படிக்கும் டூயல் கிரெடிட் வகுப்புகளைப் பள்ளிப் பாடமாக நினைத்து அவன் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதினாறு வயதில் வாங்கும் அந்த கிரேடு கல்லூரி கிரேடுதான். ஏ.பி.யைப் பொறுத்தவரை வரலாறு, அரசாங்கம், ஆங்கிலம், புள்ளியியல் எல்லாம் அவனுக்கு நல்லது. மருத்துவத்துக்கு முந்தைய டிகிரியில் இவை இடத்தைக் காலி செய்து கொடுக்கும். உயிரியல், கெமிஸ்ட்ரி ஏ.பி. எழுதட்டும், நன்றாகப் படிக்கட்டும், ஆனால் கிரெடிட் கோருவதற்கு முன் நிதானம் வேண்டும். டெக்சஸ் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில், ஏ.பி. கிரெடிட் பாடப் பெயரோடும் மணியோடும் டிரான்ஸ்கிரிப்டில் பதிவாகியிருந்தால் பொதுவாக ஏற்பார்கள். "ஏ.பி. 8 மணி" என்று மொத்தமாக எழுதியிருந்தால் சிக்கல். வெளிமாநிலக் கல்லூரிகளில் பல, லேபோடு கல்லூரியில் படித்த அறிவியலைத்தான் பார்க்க விரும்பும். உயிரியலைக் கழித்தால் அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்றிரண்டு எடுத்து ஈடுகட்ட வேண்டும். முதலாண்டிலேயே மேல்நிலை உயிரியல் என்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது.

ஐ.பி.யா ஏ.பி.யா என்றால், முழு ஐ.பி. டிப்ளமா முடித்தால் டெக்சஸ் அரசுக் கல்லூரிகள் குறைந்தது 24 மணி தர வேண்டும் என்பது சட்டம். எந்தத் தேர்விலும் 4-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். டிப்ளமா எடுக்காமல் தனித்தனிப் பாடமாக எடுத்தால் அந்த உத்தரவாதம் இல்லை. உயர்நிலைப் பாடங்களுக்குக் கிரெடிட் கிடைக்கும். சாதாரண நிலைப் பாடங்களுக்குப் பல இடங்களில் கிடைக்காது. எழுத்தும் நீண்ட கட்டுரையும் பிடித்த பையன் என்றால் ஐ.பி. முழுசாக எடுக்கட்டும். இல்லையென்றால் ஏ.பி.யில் ஐந்தாறு தேர்வு போதும், பன்னிரண்டு வேண்டாம். ஏ.பி. பதிவுக்கு நவம்பர் நடுவில் கெடு முடியும், ஒரு தேர்வுக்கு 2025-இல் 99 டாலர். அக்டோபரிலேயே அவனுக்குப் பிடித்த இரண்டு பல்கலைக்கழகங்களின் டிகிரி பிளானை அச்சிட்டு, அக்காவுக்குச் செய்த மாதிரியே கோடு போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பணம் கட்டுங்கள்.